மோதிர விரல் இருந்த இடம்

புதுக்கடை
3-2-1953

அன்புள்ள ராகேலுக்கு,

நீயும் ஜெபகனியும் மாமாவும் கர்த்தருடைய தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதே. ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இன்றைக்கு எழுதுகிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? முழுவதும் வாசித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

ராகேல், என் வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது.

பகவதியப்பனை உனக்குத் தெரியும், நான் கண்டக்டராக இருந்தபோது எங்கள் பஸ்ஸை ஓட்டியவன். அவனுக்குப் பிடரியில் கட்டி. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து என்னைத் துணைக்கு அழைத்தான். அங்கே புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர், பிறகு சீமைக்குப் போய்ப் படித்தவர். கட்டியைக் கீறிக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓய், வந்ததுலேருந்து இடது கையை அக்குளுக்குள்ள வச்சிட்டே நிக்கீரே, என்ன ஒளிச்சு வச்சிருக்கீரு?" என்று கேட்டார்.

பகவதியப்பன் முந்திக்கொண்டான். "அவனுக்கு ஒரு வெரல் இல்ல சார். பஸ்ஸுக்க மேல இருந்து வாழைக்குலை எறக்கிட்டுக் குதிக்கும்போ, கல்யாண மோதிரம் கேரியர் கம்பியில மாட்டி வெரலைப் பிச்செடுத்திட்டு. புண்ணு ஆறி வருசம் ரெண்டு தாண்டியாச்சு. இன்னும் வலிக்கிண்ணு சொல்லுதான், இல்லாத வெரலு" என்று சொல்லிச் சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. கையை வாங்கி மேஜைமேல் வைத்து, ஒரு பென்சிலின் மொட்டை முனையால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். மேலே ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒன்றுமில்லை. கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளித் தட்டினார். நான் துள்ளிய துள்ளலில் எனாமல் தட்டும் கத்தரிகளும் தரையில் கிடந்தன. "தட்டினது இங்க. வலிச்சது இல்லாத வெரலுக்க நகக்கண்ணுல. சரிதானா?" என்றார். நான் வாய் திறக்கும் முன்னே அவரே சொல்லிவிட்டார், ராகேல்.

விரல் போனாலும் நரம்பு சாகாதாம். அறுந்த இடத்திலிருந்து பழைய விரலைத் தேடி முளைவிடுமாம். போக வழியில்லாமல் அங்கேயே சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளுமாம். பாறைமேல் புதைத்த பனங்கொட்டையை நினைத்துக்கொள். கிழங்கு நேராக இறங்க முடியாமல் வளைந்து உருண்டு போகுமே, அதேதான். என் கையில் இருப்பது மிளகளவு. நியூரோமா என்று பெயர். வரும் வழியெல்லாம் மறக்காமல் இருக்க அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பகவதியப்பன் கழுத்தில் கட்டோடு என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்குப் பைத்தியமும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பொருக்க முடியாமல் இருந்த வலி நிஜமான வலி. வைத்தியமும் உண்டாம், அதைப் பிறகு எழுதுகிறேன். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்லத் தோன்றியது.

சத்தியராஜ்


திருவட்டாறு
9-2-1953

ஜெபகனியின் அப்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வகுப்பிலேயே வைத்து வாசித்தேன். "பொருக்க முடியாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். பொறுக்க என்பதற்கு வல்லின றகரம்.

டாக்டர் கண்டுபிடித்தது நல்லது. மனதாரச் சொல்கிறேன். ஆனால் நானும் சிலவற்றைக் கேட்க வேண்டும்.

நீங்கள் விரலை இழந்தபோது நான் ஆறு மாத கர்ப்பிணி. உங்கள் கட்டைப் பிரித்துக் கழுவியவள் நான். புண் ஆறிய பிறகுதான் நீங்கள் என்னைவிட்டு விலகிப் போனீர்கள். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போனீர்கள். பிள்ளை பிறந்தாள், ஒரு நாளும் நீங்கள் அவளைத் தூக்கவில்லை. ஞானஸ்நானத்தன்று போதகர் பிள்ளையை உங்களிடம் நீட்டினார். சபை முழுவதும் பார்த்திருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பெண்ணாய்ப் பிறந்ததால் தகப்பனுக்குப் பிடிக்கவில்லை என்று என் காதுபடப் பேசினார்கள். நீங்கள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதற்குமேல் அந்த வீட்டில் எனக்கு என்ன இருந்தது?

இப்போது மிளகளவு முடிச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறீர்கள். இருக்கலாம். முடிச்சுக்கு வாய் இல்லை. உங்களுக்கு இருந்ததே. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

ஜெபகனிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. கோர்வையாகப் பேசுகிறாள். "அப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால் "பஸ்ஸிலே" என்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நான் இல்லை.

இப்படிக்கு,
ராகேல்


புதுக்கடை
14-2-1953

அன்புள்ள ராகேலுக்கு,

உன் கடிதத்தை, இப்போது நான் வேலை பார்க்கும் கொப்பரைக் கடையில் தராசைத் தொங்கவிட்டபடியே வாசித்தேன். வாங்க வந்தவர் சத்தம் போட்டார். போடட்டும். ஜெபகனி என்னைப் பஸ்ஸில் வைத்திருக்கிறாளே, அது போதும் எனக்கு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். முதலில் அம்மாவிடம் சொன்னேன். "இல்லாத வெரலு எப்பிடி மக்கா வலிக்கும், ஒனக்கு யாரோ என்னமோ செஞ்சிருக்காவ" என்று சொல்லி ஜெபக்கூட்டம் வைத்தாள். பஸ் முதலாளியிடம் சொன்னேன். வேலை செய்ய மடி, சோம்பல் என்று சொல்லிச் சிரித்தார். வேறொரு வைத்தியரிடம் காட்டினேன். புண் ஆறிவிட்டது, மனதைத் தேற்றிக்கொள் என்று அனுப்பிவிட்டார். இத்தனை பேர் சிரித்த பிறகு உன்னிடமும் சொல்லி, நீயும் சிரித்துவிட்டால் நான் எங்கே போவேன்? அந்தப் பயம்தான். சேலை நுனி பட்டால்கூடக் கரண்டு அடித்தது போல இருக்கும். குழந்தை கைக்குக் கிடைத்ததையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும் வயது. அவள் பிடித்து, நான் உதறி, அவள் விழுந்தால்? அதனால்தான் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இனி வைத்தியத்தைக் கேள். நீ நம்பமாட்டாய். அறுத்து எடுக்கலாமாம், ஆனால் திரும்ப முளைக்கலாமாம். அதற்கு முன் வேறொன்று செய்து பார்க்கலாம் என்கிறார். சீமையில் கைகால் இழந்த பட்டாளக்காரர்களுக்குச் செய்து, அவர் கண்ணால் பார்த்தாராம். அந்த முடிச்சை அடிக்க வேண்டும். ஆம், அடிக்கத்தான் வேண்டும். தச்சர் உளியைத் தட்டும் கொட்டாப்புளி தெரியுமே, அதைப்போல சின்னதாக ஒன்று கடைந்து, தலையில் தோல் ஒட்டித் தந்திருக்கிறார். கையைப் பலகையில் வைத்து, முடிச்சின்மேல் பையப் பையத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் உயிர் போகும். தட்டத் தட்ட அந்த இடம் மரத்துப்போகும். அடுத்த தடவை கொஞ்சம் பலமாக. இப்படி நாளுக்குச் சில தடவை, வாரக்கணக்கில். ஆரம்பித்தால் இடையில் நிறுத்தக்கூடாது. வீங்கினால் மட்டும் நிறுத்திவிட்டு அவரிடம் போக வேண்டும்.

நானே செய்து பார்த்தேன். வலது கை ஓங்கும், இடது கை ஓடிவிடும். பகவதியப்பனைக் கூப்பிட்டேன். அத்தனை பெரிய பஸ்ஸைப் பேச்சிப்பாறை மேட்டில் ஏற்றுகிறவன், ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எனக்க கையால ஆகாதுடே, நீ வேணும்னா என்னை ரெண்டு அடி அடி" என்று கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "ஒமக்கு வீட்டுல யாரும் இல்லியா?" என்றார். உண்டு, திருவட்டாற்றில் என்றேன். "அப்ப திருவட்டாத்துக்குப் போவும்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நான் எதுவும் கேட்கவில்லை.

சத்தியராஜ்


திருவட்டாறு
20-2-1953

ஜெபகனியின் அப்பா அவர்களுக்கு,

கேட்க வேண்டியதை டாக்டர் வாயில் வைத்துக் கேட்கிறீர்கள். நேராகக் கேட்க உங்களுக்கு எப்போது வருமோ.

நான் சிரித்திருக்க மாட்டேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், சண்டைக்காக அல்ல. நீங்கள் சொல்லியிருந்தால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்திருப்பேன். சிரித்திருக்க மாட்டேன்.

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அடிக்க ஆளு தேடுதானா? நான் ஒண்ணரை வருசமா காத்துட்டிருக்கேன், வரச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய், உரல் பக்கத்தில் கிடந்த மணைப்பலகையைக் கழுவி வெயிலில் வைத்தார். அப்பாவை உங்களுக்குத் தெரியும். நேசையன் வாத்தியார் கோபத்தைச் சொல்லிலும் இரக்கத்தைக் கையிலும் வைத்திருப்பவர்.

வாருங்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பும், மத்தியானம் சாப்பிட வரும்போதும், சாயங்காலமும் நான் தட்டுகிறேன். இடையில் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னதை உங்களைவிட நான் கவனமாக வாசித்திருக்கிறேன். பிள்ளையைத் தூக்கச் சொல்லி இங்கே யாரும் உங்களை வற்புறுத்த மாட்டார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

நான் வரச் சொல்வது உங்கள் கைக்காக என்று மட்டும் இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். மற்றது எனக்கே இன்னும் தெரியவில்லை.

ராகேல்


(கார்டு)
புதுக்கடை
24-2-1953

அன்புள்ள ராகேலுக்கு,

சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் பஸ் மாறி மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். அம்மா ஜெபகனிக்கு முந்திரிக்கொத்து செய்கிறாள். மாமாவுக்கு என் வணக்கம். கொட்டாப்புளியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாயிற்று. பயமா, சந்தோஷமா என்று தெரியவில்லை. வருகிறேன்.

சத்தியராஜ்


திருவட்டாறு
6-3-1953

ஜெபகனியின் அப்பா அவர்களுக்கு,

புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கொட்டாப்புளியை மட்டும் பலகைமேல் விட்டுவிட்டு. பஸ்ஸுக்குப் போகும் வழியில் அப்பாவைப் பார்த்து "போதும் மாமா" என்று சொன்னீர்களாம். எது போதும்?

கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை முதல் தட்டுத் தட்டியபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்து, கண் எங்கோ போய், பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுமில்லாதது போல நின்ற முகம். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என்னைவிட்டு எழுந்து வாசலுக்குப் போனபோதெல்லாம் அந்த முகம்தான். போதகர் பிள்ளையை நீட்டியபோதும் அதுதான். அதை வெறுப்பு என்று படித்துவிட்டேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள், சொந்த வீட்டில் ஒரு முகத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன்.

உங்களை அடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கிணற்றடியில் போய் நின்றேன். தேவையில்லாமல் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தேன். அது உங்களுக்குத் தெரியாது. உங்கள் மணிக்கட்டைப் பலகையில் அழுத்திப் பிடித்த அப்பா மூன்றாம் நாள் தம் தலையணையைக் கொண்டுவந்து உங்கள் முழங்கைக்கு வைத்தார். அதையாவது கவனித்தீர்களா? ஜெபகனி இப்போது மரப்பாச்சியைப் படுக்கவைத்துக் கரண்டியால் தட்டுகிறாள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று என் குரலிலேயே அதைத் தேற்றுகிறாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அப்பாவிடம் மழை பற்றிப் பேசினீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. பேசியபோது உங்கள் கை பலகையில் சும்மா கிடந்தது. குணமாகத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் கொஞ்சம் பலமாகத் தட்டினேன், நீங்கள் கத்தினீர்கள், பிள்ளை அழுதாள். அதற்காகத்தான் போனீர்களா? பிள்ளை உடனே சிரித்துவிட்டாள். நீங்கள்தான் பார்க்கவில்லை.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைக்கும்வரை என்னால் அசைய முடியாது. கொட்டாப்புளியை இதோடு பார்சலில் அனுப்புகிறேன். இடையில் நிறுத்தக்கூடாது.

ராகேல்


புதுக்கடை
10-3-1953

அன்புள்ள ராகேலுக்கு,

பார்சலை அவிழ்க்கும்போதே தலை குனிந்தேன். பிள்ளை அழுததும் என்னால் தாங்க முடியவில்லை. என் சத்தத்துக்குப் பயந்து அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்று நினைத்து ஓடிவந்தேன். அவள் பஸ்ஸில் வைத்திருந்த அப்பாவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று.

ஆனால் இதைக் கேள். நேற்றுக் காலையில் அம்மா சூடாகக் கஞ்சி ஊற்றித் தந்தாள். வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்றவள் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "என்னம்மா?" என்றேன். "ஏலே மக்கா, ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கியே" என்றாள். குனிந்து பார்க்கிறேன், ராகேல். என் இடது கை கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. விரல் இருந்த இடம் சூட்டோடு ஒட்டியிருக்கிறது. அது எப்போது அங்கே போனது என்று எனக்கே தெரியாது. கிண்ணத்தைக் கீழே வைக்கப் பயந்து, கஞ்சி ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா அழுதுகொண்டே வெளியே போய்ப் பக்கத்து வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டாள்.

பிற்பகல் கொட்டாப்புளியை எடுத்தேன். நானே தட்டினேன். இடது கை ஓடவில்லை. உன் கை பழக்கிவிட்ட கை அது. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லை தெரிந்த வலி. பொறுக்க முடிகிறது. வல்லினம் போட்டிருக்கிறேன், பார்.

நேராகக் கேட்க எப்போது வரும் என்று எழுதியிருந்தாய். இப்போது வந்துவிட்டது. ராகேல், பள்ளிக்கூடம் அடைத்ததும் ஜெபகனியைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வா. கைக்காக மட்டும் அல்ல. எனக்காக வா.

சத்தியராஜ்


புதுக்கடை
16-6-1953

அன்புள்ள ராகேலுக்கு,

இரண்டு மாதம் நீங்கள் இருந்துவிட்டுப் போன பிறகு வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் பேச்சே ஓடவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, போகத்தான் வேண்டும், தெரியும். ஒரு நாள் மத்தியானம் ஜெபகனி என் இடது கைமேல் தலைவைத்துத் தூங்கினாளே, நான் அசையாமல் கிடந்து கை மரத்துப்போயிற்றே, அதைத்தான் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பெரிய சேதி. நேற்று முதல் மறுபடி பஸ்ஸில் ஏறிவிட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்ததை முதலாளியிடம் காட்டினேன். "கையைக் காட்டும்" என்று அவரே அழுத்திப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி, காலையில வாரும்" என்றார். பகவதியப்பன் பஸ்ஸுக்கு மாலை போட்டிருந்தான். எனக்குப் போட வாங்கியதாம், நான் கூச்சப்படுவேன் என்று ரேடியேட்டருக்குப் போட்டுவிட்டான்.

கருங்கல் ஸ்டாப்பில் ஒரு அம்மாள் தலையில் சக்கைப்பழத்தோடு, முழுப் பலாவோடு இறங்கினாள். மழையில் படி வழுக்கியது. விழப்போனவள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாள். என் இடது கை. முழுப் பாரமும் அதில். பிடித்து நிறுத்தி, சக்கையை வாங்கிக் கீழே வைத்து, விசிலும் ஊதிவிட்டேன். பஸ் அடுத்த வளைவு திரும்பிய பிறகுதான், அவள் எந்தக் கையைப் பிடித்தாள் என்பது எனக்கு உறைத்தது. நடு பஸ்ஸில் நின்று தனியாகச் சிரித்தேன். ஜனங்கள் என்ன நினைத்தார்களோ.

இன்னும் ஒன்று. திருவட்டாறு லைனுக்குப் புது வண்டி விடுகிறார்கள். கடைசி டிரிப் முடிந்து வண்டி அங்கேதான் நிற்கும். நான் கேட்டுவிட்டேன், கொடுத்துவிட்டார்கள். உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஏதாவது வீடு கிடைக்குமா என்று பார். அம்மாவும் வருவாள். மாமா சம்மதிப்பாரா என்று கேள். இல்லை, நானே வந்து நேராகக் கேட்கிறேன்.

இரண்டு மூன்று நாளாக விடாத மழை. ஈரக் காற்று பட்டால் அந்த இடத்தில் சுருக்கென்று ஒன்று வந்து போகிறது. முடிச்சு அங்கேதான் இருக்கிறது, தூங்குகிறது, என்றாவது எழுந்தால் திரும்பத் தட்ட வேண்டிவரும், இல்லாவிட்டால் அறுக்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொன்னார். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நல்ல சேதியோடு இது எதற்கு என்று.

உன்
சத்தியராஜ்


திருவட்டாறு
20-6-1953

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை ஜெபகனிக்கும் வாசித்துக் காட்டினேன். சக்கைப்பழம் வந்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். அப்பா தம் சம்மதத்தை வாயால் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார், சாயங்காலம் வீடு பார்த்துவிட்டு வந்தார். கோயிலுக்குப் போகும் பாதையில், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு அறை, நல்ல கிணறு, முற்றத்தில் ஒரு முருங்கை. அத்தைக்குத் தனியாக ஓர் அறை வேண்டும் என்று அப்பாதான் கேட்டு வாங்கியிருக்கிறார். கூரையில் ஓர் இடத்தில் ஒழுகுகிறது, ஓடு மாற்றித் தருவதாகச் சொன்னார்களாம். மாற்றாவிட்டாலும் நாம் போய்விடலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது முதலாளி கையை அழுத்தியதோ, பஸ்ஸுக்கு மாலை போட்டதோ அல்ல. கடைசியில் எழுத வேண்டாம் என்று நினைத்துவிட்டு எழுதினீர்களே, அந்த இடம். அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மழையில் வலிக்கட்டும். முடிச்சு என்றாவது எழுந்தால் எழட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம். எனக்குப் பயம் அதைப் பற்றி இல்லை. வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போகாதீர்கள். "ஏட்டி, வலிக்கி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுப்படியில் இருந்தாலும், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாலும் வந்துவிடுவேன்.

முதல் வண்டி எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். நானும் ஜெபகனியும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

உங்கள்
ராகேல்